ஸ்கேன் சொல்லித்தர சீனியர் போதுமா?

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் மருத்துவக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்க்கச் சொல்லித்தர வேண்டும். பேட்ச்சில் நூறு பேர். ஒரு மிஷினைச் சுற்றி ஐந்து பேருக்கு மேல் நின்றால் ஆறாவது ஆள் ஃபோனை எடுத்துவிடுவான். ஆகவே இருபது குழுக்கள். குழுவுக்கு ஆறு வகுப்பு, வகுப்புக்கு இரண்டு மணி நேரம். ஆக மொத்தம் 240 மணி நேரம் யாராவது ஒருவர் மிஷின் பக்கத்தில் நின்றாக வேண்டும். எங்கள் எமர்ஜென்சி துறையில் அல்ட்ராசவுண்ட் நன்றாகப் பார்க்கத் தெரிந்து, டூட்டி போகக் கொஞ்சம் நேரமும் மிச்சமுள்ளவர்கள் இரண்டு பேர். நான் ஒருத்தன். ஆளுக்கு 120 மணி நேரம். துறைக் கூட்டத்தில் இதைப் போர்டில் எழுதினேன். கொஞ்ச நேரம் ஏசி சத்தம் மட்டும் கேட்டது.

இதே கணக்கை மாணவன் பக்கம் திருப்பிப் போட்டால் இன்னும் மோசம். இரண்டு மணி நேரத்தில் முதல் அரை மணி மிஷினைப் போட, திரையை இழுக்க, ஜெல் பாட்டில் தேட, நாங்கள் பேச என்று போய்விடும். மிச்சம் 90 நிமிடம். ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 18. ஆறு வகுப்பும் தவறாமல் வந்தவன் கையில் புரோப் (மிஷினில் உடம்பின் மேல் வைத்துப் பார்க்கும் பகுதி) இருந்த நேரம் 108 நிமிடம். டிரைவிங் ஸ்கூலில்கூட இதைவிட அதிக நேரம் ஸ்டியரிங்கைக் கொடுப்பார்கள்.

வேலூரில் மருத்துவம் கற்றுத்தருவது புதிதில்லை. ஐடா ஸ்கடர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1918-ல். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2005-ல். ஆனால் மாணவன் கையில் புரோப் கொடுப்பது நம் ஊரில் இன்னும் புதிதுதான். நான் படித்த காலத்தில் ஸ்கேன் ரூமுக்கு வெளியே ரிப்போர்ட்டுக்காகக் காத்து நின்றதுதான் எனக்குக் கிடைத்த அல்ட்ராசவுண்ட் பயிற்சி.

எங்களுக்கு எதிரே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. ராத்திரி இரண்டு மணிக்கு லாரியில் மோதிய பைக்காரர் வருவார். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா என்பதை நான்கே இடத்தில் புரோப் வைத்துப் பார்க்கலாம்: வலது விலாவில் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே, இடது விலாவில் மண்ணீரல் பக்கம், அடிவயிற்றில், நெஞ்சுக்குழிக்குக் கீழே இதயத்தைச் சுற்றி. தண்ணீர் போலக் கறுப்பாகத் தெரிகிறதா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. ரேடியாலஜி (ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் தரும் துறை) நண்பர் ஒருவர், "அரைகுறையாச் சொல்லிக் கொடுத்து எங்க தலைல கட்டாதீங்க" என்றார். அவர் பயம் நியாயமானது, பின்னால் வருகிறேன். நாங்கள் சொல்லித்தர நினைத்தது முழு வயிற்று ஸ்கேன் இல்லை, ஆமாம் இல்லை என்று பதில் வரும் நாலைந்து கேள்விகளை மட்டும்.

போர்டில் நான்கு வழிகள் எழுதினோம். ஆசிரியர்களே எல்லா வகுப்பும் எடுப்பது. சிமுலேட்டரும் (நிஜ உடம்புக்குப் பதிலாகப் பழகும் கருவி) வீடியோவும். ஒரே பேட்ச் மாணவர்கள் ஜோடியாகப் பழகுவது. சீனியர் மாணவர்களை மெண்டராக, அதாவது ஜூனியர்களுக்குச் சொல்லித்தருபவராக வைப்பது. எதை எடுப்பது என்று முடிவு செய்ய எங்களுக்கு ஒரு வருஷமும் இரண்டு கெட்ட அனுபவங்களும் தேவைப்பட்டன.

ஆசிரியர் மட்டும்

நல்லது என்ன என்பதில் சண்டையே இல்லை. நோயைப் பார்த்த கண் ஆசிரியருடையது. கசங்கிய படத்திலும் அவருக்கு விஷயம் தெரியும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தைரியமும் இருக்கும். நோயாளி பக்கத்தில் நின்று சொல்லித்தர அவரால்தான் முடியும்.

கெட்டது, எங்களுக்குக் கை பழகிப்போய் எப்படிச் செய்கிறோம் என்பதே மறந்துவிட்டது. நான் "கொஞ்சம் ஃபேன் பண்ணு" என்பேன், புரோப்பை இடம் மாற்றாமல் சாய் என்று அர்த்தம். பையன் தோளிலிருந்து முழங்கை வரை மொத்தமாக நகர்த்துவான், கல்லீரல் திரையை விட்டே ஓடிவிடும். "அவ்வளவு இல்லப்பா" என்பேன். எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாள் பக்கத்துக் கட்டிலில் மூன்றாம் ஆண்டுப் பெண் ஒருத்தி தன் ஜூனியருக்குச் சொன்னது காதில் விழுந்தது: "சுண்டுவிரலை விலாமேல ஊனிக்கோ. கை அங்கேயே இருக்கட்டும். தோசைய திருப்பறதுக்கு முன்னாடி கரண்டிய லேசா சாய்ப்பீல்ல, அந்த அளவு சாய்." ஜூனியர் சாய்த்தாள். விலாவின் நிழல் ஒதுங்கி, கல்லீரலும் சிறுநீரகமும் ஒன்றாகத் திரைக்கு வந்தன. பதினைந்து வருஷமாக நான் கண்டுபிடிக்காத வாக்கியம் அது. அவளுக்கு ஆறு மாதம் முன்புதான் அதே கஷ்டம் இருந்தது, அதனால் வாயில் வந்தது.

இன்னொன்று, எங்களிடம் கேட்க மாட்டார்கள். "புரிஞ்சுதா?" என்றால் ஐந்து தலையும் ஆடும். அண்ணனிடமோ அக்காவிடமோ என்றால், "அண்ணா, நிஜமா ஒண்ணுமே தெரியல, எல்லாம் மழை பெய்யற டிவி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வாக்கியம் வெளியே வந்தால்தான் சொல்லித்தருவது தொடங்கும்.

சிமுலேட்டர், வீடியோ, கடல்பாசி

சிமுலேட்டர் பற்றி அதிகம் எழுதமாட்டேன். பல லட்சம் ஆகும். வாங்கிய இடங்களில் பாதி நாள் பூட்டிய அறையில் உறை போட்டு இருக்கும். நோய் உள்ள படங்களைக் காட்ட அருமையான கருவி. உயிருள்ள உடம்பில் ஜெல் வழுக்குவதும், மூச்சு விட்டால் சிறுநீரகம் கீழே நழுவுவதும் அதில் சரியாக வருவதில்லை. வீடியோ வகுப்புக்கு முந்தைய ராத்திரி பார்ப்பதற்கு. பட்டன்கள், டெப்த் (எவ்வளவு ஆழம்), கெயின் (படத்தின் வெளிச்சம்), எந்த புரோப் எதற்கு என்பதெல்லாம் வீடியோவிலேயே வந்துவிட வேண்டும். ஆழத்தில் உள்ளதற்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வளைந்த புரோப், தோலுக்கடியில் உள்ளதற்கு அதைவிட உயர்ந்த அதிர்வெண் கொண்ட நேர் புரோப் என்று சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் எதற்கு?

ஆனால் ஊசி குத்தப் பழக உயிருள்ள ஆள் ஆகாது. அதற்கு நாங்கள் கண்டுபிடித்தது லாங்கு பஜாரில் கிடைக்கும் கடல்பாசி. சைனா கிராஸ் என்றும் சொல்வார்கள். நோன்பு மாதத்தில் ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் பாலும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சி உறைய வைப்பார்களே, அதுதான். தண்ணீரில் கெட்டியாகக் காய்ச்சி, ஐசப்கோல் கொஞ்சம் கலந்தால் திரையில் தசை மாதிரியே சாம்பல் நிறமாகத் தெரியும். கிளவுஸின் விரலை வெட்டித் தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டு உள்ளே புதைத்தால் ரத்தக்குழாய். நூறு ரூபாய்ச் சமாச்சாரத்தில் ஒரு மதியம் முழுக்கக் குத்தலாம். மூன்றாம் நாள் நாற்றம் எடுக்கும், அதற்குள் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

ஒரே பேட்ச் ஜோடிகள்

இரண்டு பேர், இருவருக்கும் தெரியாது, ஒருவர் மேல் ஒருவர் வைத்துப் பார்க்கிறார்கள். முதல் வகுப்புக்கே இதை வைத்தால் குருடனுக்குக் குருடன் வழிகாட்டுவதுதான். ஆனால் மூன்று வகுப்பு ஆன பிறகு, இடையில் பழகுவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. கடல்பாசிக் கட்டியும் ஒரு ஜோடியும் ஒரு மணி நேரமும் போதும். தனி வழியாக இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், மற்றதோடு ஒட்ட வையுங்கள். அவ்வளவுதான் இதில் சொல்ல இருக்கிறது.

சீனியர் மெண்டர்

இதை உலகத்தில் முதலில் யோசித்தவர்கள் நாங்கள் இல்லை. அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகம் 2006-லேயே அல்ட்ராசவுண்டை முதல் வருஷத்திலிருந்து மருத்துவப் படிப்போடு சேர்த்துக் கற்றுத்தரத் தொடங்கியது. ஜெர்மனியின் ஆகன் நகரில், எலும்பு மூட்டு அல்ட்ராசவுண்டை ஒரு பகுதியினருக்கு மாணவர்களும் இன்னொரு பகுதியினருக்கு மருத்துவர்களும் சொல்லிக்கொடுத்து ஒப்பிட்டு, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களிடம் படித்தவர்கள் சளைத்துப் போகவில்லை. இதைப் படித்துவிட்டு, "அப்புறம் என்ன" என்று நாங்கள் எட்டு சீனியர்களைப் பிடித்து, இரண்டு மாலை பயிற்சி கொடுத்து, இறக்கிவிட்டோம்.

முதல் கெட்ட அனுபவம் கழுத்தில். கழுத்தின் பக்கவாட்டில் புரோப் வைத்தால் இரண்டு கறுப்பு வட்டம் தெரிய வேண்டும். துடிப்பது தமனி. அதற்கு வெளிப்பக்கம் பெரிதாக, மெத்தென்று இருப்பது சிரை. நோயாளிகள் இரண்டையுமே "நரம்பு" என்பார்கள், அது வேறு குழப்பம். ஒரு குழுவில் ஐந்து பேருமே, "ஒரு வட்டம்தான் சார் இருக்கு" என்றார்கள். ஐந்து பேருக்கும் சிரையே இல்லாத கழுத்து அமைய வாய்ப்பில்லை. போய்ப் பார்த்தால், ஐந்து பேரும் புரோப்பை ஒரே மாதிரி அழுத்திப் பிடித்திருந்தார்கள். சிரையின் சுவர் மெல்லியது, அழுத்தினால் தட்டையாகிப் படத்திலிருந்து மறைந்துவிடும். தமனி அந்த அழுத்தத்துக்கு அசையாது. அவர்களுடைய மெண்டர் நல்ல பலசாலி. வயிற்றில் பார்க்கும்போது குடல் காற்றை ஒதுக்க அழுத்திப் பழகியவன், கழுத்திலும் அதையே செய்தான், அதையே சொல்லிக்கொடுத்தான். எங்கள் வார்டு ஊழியர் பெரியவர், அணைக்கட்டுப் பக்கத்து ஆள், கட்டிலில் படுத்திருந்த பையனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், வெந்த கெழங்க மசிக்கற மாதிரி மசிக்கறாங்க" என்றார். எங்களைவிட முன்பே அவர் கண்டுபிடித்திருந்தார்.

ஆசிரியர் தப்பாகச் சொன்னால் நூறு பேரில் யாராவது ஒருவன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்து கேட்பான். மெண்டரின் கை தப்பாக இருந்தால் யாருக்கும் தெரியாது. கைப்பழக்கம் புத்தகத்தில் இல்லை, அப்படியே அடுத்த கைக்கு இறங்கிவிடும். மார்க்கர் விஷயமும் இப்படித்தான். புரோப்பின் எந்தப் பக்கம் திரையில் எந்தப் பக்கம் என்று காட்டும் புள்ளி அது. வயிற்று ஸ்கேனில் திரையின் மார்க்கர் இடப்பக்கம் இருக்கும், இதய ஸ்கேன் வழக்கத்தில் வலப்பக்கம். இதயத்துக்கு வைத்த செட்டிங்கை மாற்றாமலே ஒரு மெண்டர் வயிறு சொல்லிக்கொடுத்தால் ஒரு குழு முழுக்க இடம் வலம் மாறிப் படிக்கும். அதுவும் எங்களிடம் நடந்தது. அதிலிருந்து, மாதம் ஒருமுறை மெண்டர்கள் எல்லோரும் எங்கள் முன்னால் ஸ்கேன் செய்து காட்ட வேண்டும் என்று வைத்தோம். பழக்கடைக்காரர் தராசுக்கு முத்திரை போட்டு வாங்குவது போல.

இரண்டாவது அனுபவம் சிரிக்கக்கூடியது இல்லை. மாலை வகுப்பு. ஜூனியர் பையன் ஒருத்தன் படுத்திருக்கிறான். அடிவயிற்றுப் படத்துக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று சொல்லி ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்திருந்தோம். கடைசியில் சிறுநீரகம் பார்த்தபோது, நடுவில் கறுப்பாகக் கொஞ்சம் விரிந்திருந்தது. மெண்டர் புத்திசாலி, படித்தவன். "இது ஹைட்ரோநெஃப்ரோசிஸ்டா" என்றான். சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்குவதற்கு அந்தப் பெயர். நான்கு பேர் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தன் ஃபோட்டோகூட எடுத்தான். நான் அப்போது பக்கத்து அறையில் வேறு நோயாளியுடன் இருந்தேன்.

பையன் ராத்திரி வீட்டுக்கு ஃபோன் செய்திருக்கிறான். காலையில் ஏழரை மணிக்கு குடியாத்தத்திலிருந்து முதல் பஸ் பிடித்து அவன் அம்மா வந்து எமர்ஜென்சி வாசலில் நிற்கிறார். கையில் மஞ்சப்பை, அதில் வாழைத்தண்டு. "இன்னா சார், புள்ளைக்குக் கிட்னில தண்ணி நிக்குதாமே? கல்லு கீதா?" எனக்கு விஷயமே தெரியாது. பையனைக் கூப்பிட்டு, பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்லி, படுக்க வைத்து அவர் முன்னாலேயே பார்த்தேன். இரண்டு சிறுநீரகமும் சுத்தம். மூத்திரப்பை நிரம்பி வழிகிற அளவு இருந்தால், அதுவும் நிறையத் தண்ணீர் குடித்தவருக்கு, சிறுநீரகத்தின் நடுப்பகுதி லேசாக விரிந்து காட்டும்; காலி செய்தால் போய்விடும். மெண்டர் பார்த்த படம் சரி. அவன் சொன்ன பெயர்தான் தப்பு. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாழைத்தண்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

ரேடியாலஜி நண்பர் சொன்ன பயம் இதுதான். அன்று மெண்டர் முறையையே நிறுத்திவிடலாம் என்று எங்கள் துறையில் பேச்சு வந்தது. நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன்.

மனசு மாறியது ராணிப்பேட்டையில். என் சித்தப்பா பையன் அங்கே வெல்டிங் சோதனை செய்கிறவன். பாய்லர் பாகங்களின் பற்றவைப்பில் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. எங்கள் இரண்டு பேர் தொழிலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஸ்காட்லாந்தில் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், உலோகத்தில் விரிசல் பார்க்கும் கருவியை ஒரு பாய்லர் கம்பெனியில் வைத்து, அறுத்தெடுத்த கட்டிகளின் மேல் சோதித்தது 1955-ல். 1958-ல் வந்த அவருடைய கட்டுரையிலிருந்துதான் இன்றைய வயிற்று ஸ்கேன் வளர்ந்தது. தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது வாழைத்தண்டுக் கதையைச் சொன்னேன். அவன் கேட்டான், "உங்காளு லெவல் ஒன்னா, லெவல் டூவா?"

அவர்கள் தொழிலில் சான்றிதழ் மூன்று படி. லெவல் ஒன் ஆள் புரோப் பிடிப்பான், எழுதிக்கொடுத்த முறைப்படி சோதிப்பான், கிடைத்ததைப் பதிவு செய்வான். இது விரிசல், இதைத் தள்ளு என்று பொருள் சொல்லும் பொறுப்பு அவனுக்கு இல்லை. அது லெவல் டூ. முறையையே எழுதுவது லெவல் த்ரீ. "லெவல் ஒன் வாயத் தொறந்து 'கிராக்'ன்னு சொன்னா சூப்பர்வைசர் கிழிச்சிடுவாரு. ஆனா லெவல் ஒன் இல்லாம ஒரு நாள் வேலை ஓடாது" என்றான்.

இரும்புக்கு இவ்வளவு வரைமுறை இருக்கிறது. நாங்கள் மனுஷ உடம்புக்கு, கை பழக்குவதையும் பொருள் சொல்வதையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு, அவன் பொருளைத் தப்பாகச் சொன்னதும் கையையும் பிடுங்கப் பார்த்தோம். மெண்டர் முறை சரியா தப்பா என்று ஒரு வருஷம் சண்டை போட்டோம். கேள்வியே அது இல்லை. மெண்டருக்கு எது வரை என்பதுதான் கேள்வி.

இப்போது எங்கள் மெண்டர்களுக்கு உள்ள விதி சுருக்கமானது. படத்தைக் கொண்டுவரச் சொல்லிக்கொடு. திரையில் தெரியும் உறுப்புக்குப் பெயர் சொல். நோய்க்குப் பெயர் சொல்லாதே. வித்தியாசமாக ஏதாவது தெரிந்தால் புரோப்பை எடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போ, முகத்தில் காட்டாதே, வகுப்பு முடிந்ததும் டூட்டியில் உள்ள ஆசிரியரிடம் தனியாகச் சொல். படுத்தவனிடம் சொல்வது எங்கள் வேலை. ஃபோட்டோ கிடையாது. படுப்பதற்கு முன்பே, "எதையாவது கண்டால் தெரிந்துகொள்ள விருப்பமா" என்று கேட்டுக் கையெழுத்து வாங்குகிறோம். யாரும் கட்டாயத்தில் படுக்க வேண்டியதில்லை. பெண்களுக்குத் தனிக் குழு, பெண் மெண்டர், திரை. பெண்களின் அடிவயிற்றை மாணவர்கள் ஒருவருக்கொருவர் பார்ப்பது முழுக்கத் தடை. (ஆண்களிடமும் பித்தப்பை பார்க்கும் நாளில் காலையிலிருந்து பட்டினி. ஒருமுறை மதியம் பிரியாணி தின்றுவிட்டு வந்து படுத்த பேட்ச்சில் ஒருத்தனுக்கும் பித்தப்பை கண்ணில் படவில்லை. சாப்பிட்டதும் சுருங்கிவிடும் உறுப்பு அது.)

சட்டம் எந்த வழியை ஒதுக்கிவிடுகிறது

வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, சட்டைப்பையில் போடும் புரோப்பை மெண்டர் கையில் கொடுத்து ஹாஸ்டலிலேயே பழகச் சொல்லலாமே என்று நினைப்பவர்களுக்கு: நம் ஊரில் அது நடக்காது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், 2003-ல் திருத்தப்பட்ட பிறகு இன்னும் இறுக்கமானது. மிஷின் எந்த இடத்துக்குப் பதிவு செய்யப்பட்டதோ அந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். கையடக்க புரோப்பும் அதே கணக்குதான். கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்தால் ஒவ்வொருவருக்கும் எஃப் படிவம். பாலினம் சொல்லப்பட மாட்டாது என்ற பலகை எல்லா ஸ்கேன் அறையிலும் தொங்கும். அலட்சியமாக இருந்தால் மிஷினுக்கு சீல் விழும், அப்புறம் ராத்திரி இரண்டு மணி பைக்காரருக்கு யார் பார்ப்பது?

ஆகவே மெண்டர் வகுப்பு என்றாலும் பதிவு செய்த அறைக்குள்தான், பொறுப்பு மருத்துவர் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதுதான். கர்ப்பிணிகள் பக்கமே மெண்டர் போகக்கூடாது. இதனால் மெண்டர் முறையின் பெரிய கவர்ச்சி ஒன்று அடிபடுகிறது: எப்போது வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும் என்பது இல்லை. மிஷின் நோயாளிகளுக்குத் தேவைப்படாத நேரம் மாலை ஐந்தரை முதல் எட்டு. எங்கள் திட்டம் முழுவதும் அந்த இரண்டரை மணி நேரத்துக்குள்தான் அடங்க வேண்டும்.

யாரை மெண்டராக எடுப்பது

முதல் வருஷம் பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜன்களையும் (தேர்வு முடித்துப் பயிற்சியில் இருப்பவர்கள்) ஃபைனல் இயர் மாணவர்களையும், கூடவே மூன்றாம் ஆண்டில் சிலரையும் எடுத்தோம். மூத்தவர்கள், நோயாளிகளைப் பார்த்தவர்கள் என்று கணக்கு. டிசம்பர் வந்ததும் ஆளே காணோம். ஹவுஸ் சர்ஜன் கையில் மேற்படிப்புக்கான நீட் பிஜி தேர்வுப் புத்தகம், காதில் கோச்சிங் வீடியோ. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்தத் தேர்வுதான் அவர்கள் தலையெழுத்தை முடிவு செய்கிறது. ஃபைனல் இயருக்குப் பல்கலைத் தேர்வு. எட்டு பேரில் கடைசி வரை நின்றவர்கள் மூன்று பேர். மூவரும் மூன்றாம் ஆண்டில் இருந்தவர்கள்.

இப்போது மூன்றாம் ஆண்டிலிருந்து மட்டும் எடுக்கிறோம். ஜூனியர்களுக்கு ஒரு வருஷம்தான் மூத்தவர்கள், தாங்களே பட்ட பாடு மறக்கவில்லை. மார்க் பார்த்து எடுப்பதையும் விட்டுவிட்டோம். முதல் மார்க் வாங்கியவன்தான் ஹைட்ரோநெஃப்ரோசிஸ் என்றவன். கடல்பாசிக் கட்டியைக் கொடுத்து, பக்கத்தில் இருக்கும் தெரியாத ஒருவனுக்குப் பத்து நிமிடத்தில் "குழாயைக் காட்டவை" என்கிறோம். புரோப்பைப் பிடுங்கித் தானே காட்டுபவர்கள் கழிந்துவிடுவார்கள். கையைக் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் வழி சொல்கிறவர்கள் மெண்டர்.

அவர்களுக்கு என்ன லாபம் என்று கேட்பார்கள். பணம் இல்லை. சான்றிதழ் உண்டு, அதற்கு எவ்வளவு மதிப்பு என்பது அவர்களுக்கே தெரியும். நிஜமான லாபம், வருஷம் முடிவதற்குள் ஒவ்வொருவரும் நூற்றுக்கணக்கான கழுத்தையும் வயிற்றையும் பார்த்திருப்பார்கள். எங்கள் பிஜி மாணவர்கள் சிலரைவிட மெண்டர்களின் கை சுத்தம். 2019-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் எலெக்டிவ் என்று, மாணவர்களே தேர்ந்தெடுத்துப் படிக்க ஒரு காலம் கொடுத்திருக்கிறார்கள். முன்னாள் மெண்டர்கள் அதை எங்களோடு கழிக்க வருகிறார்கள். அங்கே அவர்களுக்கு லெவல் டூ வேலையைத் தொடங்குகிறோம்: நோயாளி, நோய், பொருள்.

எங்கள் முடிவு, உங்கள் முடிவு

ஆறு வகுப்பில் முதலாவதும் கடைசியும் ஆசிரியர் எடுப்பது. நடுவில் நான்கு வகுப்புகள் மெண்டர்கள், மிஷினுக்கு இருவர். ஒருவர் கையைப் பார்க்க, ஒருவர் திரையைப் பார்க்க. அந்த நான்கிலும் ஆசிரியர் கடைசி அரை மணி நேரம் வந்து கேள்விகளை வாங்கிக்கொள்வார். போர்டில் மறுபடி கணக்குப் போட்டேன். இருபது குழுவுக்கு ஆசிரியர் முழுதாக எடுக்கும் இரண்டு வகுப்பு, 80 மணி. நான்கு அரை மணிகள், 40 மணி. மொத்தம் 120, இரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 60. பழைய கணக்கில் சரிபாதி. மெண்டர் பயிற்சிக்கும் மாதாந்திர முத்திரைக்கும் இன்னும் ஒரு இருபது மணி போகும் என்பதை மறைக்க விரும்பவில்லை. மெண்டர் முறை ஆசிரியர் நேரத்தை மிச்சப்படுத்தும் என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள்.

உங்கள் பேட்ச்சில் முப்பது பேருக்குக் குறைவு என்றால், அல்லது அல்ட்ராசவுண்ட் தெரிந்த ஆசிரியர்கள் நான்கைந்து பேர் இருந்தால், மெண்டர் தேவையில்லை. ஆசிரியர்களே எடுங்கள், ஜோடிப் பழக்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். துறையில் ஒருவர்கூட மாதாந்திர சோதனைக்கு உட்காரத் தயாரில்லை என்றால் மெண்டர்களைத் தொடவே தொடாதீர்கள். அழுத்திப் பிடிக்கும் கை ஒன்று வருஷத்துக்கு இருபது கைகளாகப் பெருகும். அதற்கு கடல்பாசியும் வீடியோவும் எவ்வளவோ மேல். சிமுலேட்டர் வாங்கப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால், அதற்குப் பதிலாக இன்னொரு மிஷினுக்குக் கேட்டுப்பாருங்கள். நாங்கள் கேட்டோம், கிடைக்கவில்லை.

ரேடியாலஜி நண்பர் இந்த முறைக்குத் தலையாட்டினார், ஒரு நிபந்தனையோடு: கடைசி வகுப்பின் ஓஸ்கி தேர்வில் (ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்ச் செய்து காட்டும் தேர்வு) ஒரு ஸ்டேஷன் அவருடையது. அதில் படம் எடுக்கச் சொல்ல மாட்டார். ஒரு படத்தைக் காட்டி, "இதைப் பார்த்ததும் நீ யாரைக் கூப்பிடுவ?" என்று மட்டும் கேட்பார்.

இன்னும் ஒன்று பாக்கி. பெண்கள் ஹாஸ்டலில் ஏழரைக்குள் வந்துவிட வேண்டும். எங்கள் வகுப்பு எட்டு மணிக்கு முடிகிறது. ஆசிரியர் வரும் அந்தக் கடைசி அரை மணி நேரம்தான் பெண்களுக்குத் தவறிப்போகிறது. வார்டன் அம்மாவுக்கு எழுதிய கடிதம் மூன்று வாரமாக அவர் மேஜையில் இருக்கிறது. நாளை மெண்டர்களில் இரண்டு பெண்களை அழைத்துக்கொண்டு நானே நேரில் போகிறேன்.